சித்திக்குப் போட்ட மாலை

உயிரோடு இருக்கும் ஒருவரின் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் கற்பூரமும் காட்டியவள் நான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் ‘தெரியாமல் செய்தேன்’ என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கே அது சமாதானமாக இல்லை. தெரிந்துகொள்ள அவர் ஊர்ப் பக்கம் ஒரு போன் போதும். அதைச் செய்யவில்லை.

என் பெரியப்பா, அப்பாவுக்கு அண்ணன், முந்தின வருஷம் தை மாதம் காலமானார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வீட்டில் கடைசியாக மிச்சமிருந்தவர் அவர்தான். பெரியம்மா முன்பே போய்விட்டார். என் அப்பா அம்மாவும் இல்லை. பெரியப்பாவின் ஒரே மகன் சிட்னியில் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, தஞ்சாவூரில் இருக்கும் என் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தான்.

“அக்கா, வீட்ட வாங்குறவங்க ஆடிக்குள்ள காலி பண்ணிக் குடுங்கன்னு கேக்குறாங்க. எனக்கு லீவு கெடைக்காது. வேணுங்கறத எடுத்துக்குங்க, மிச்சத்த யாருக்காவது குடுத்துடுங்க. உங்கள விட்டா இத யாரும் ஒழுங்கா செய்ய மாட்டாங்க” என்றான்.

அந்தக் கடைசி வரியில் நான் விழுந்துவிட்டேன். ஒழுங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கால் தரையில் நிற்காது. வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆய்வுக்கூடத்து பாட்டில்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டியே கை பழகியவள். வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் ‘மிளகாய்த்தூள்’ என்று எழுதி ஒட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆமா, சரியாத்தான் எழுதியிருக்க” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போய் வீட்டை ஒழித்தோம். கட்டிலும் பீரோவும் ஊரிலேயே கேட்டவர்களுக்குப் போயின. நான் மட்டும் சின்னச் சின்னச் சாமான்களில் சிக்கிக்கொண்டேன். பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் மிஷின், முனை மழுங்கிய பாக்குவெட்டி, பெரியம்மா பூத்தொடுத்துவிட்டு மிச்ச நாரைச் சுற்றிவைத்திருந்த கட்டை. எல்லாவற்றையும் துடைத்து, உறையில் போட்டு, யாருடையது என்று எழுதினேன்.

“நம்ம வீடு என்ன மியூசியமா?” என்றார் வீட்டுக்காரர்.

“நாளைக்கு உங்க கண்ணாடியையும் இப்படித்தான் எடுத்து வைப்பேன், பேசாம இருங்க” என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

போட்டோக்கள் பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. நெல் கொட்டிவைக்கும் அந்த மரப் பத்தாயத்தை நகர்த்திய பிறகுதான் பெட்டி இருப்பதே தெரிந்தது. கூரை ஒழுகி, பெட்டிக்குள் பல மழைக்காலத்து ஈரம் இறங்கியிருந்தது. அட்டைகளை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. சட்டம் போட்ட படங்களின் பின்பக்கத்து ஆணிகள் துருப்பிடித்து, தொட்டாலே உதிர்ந்தன. ஆனாலும் முகங்கள் இருந்தன. கொள்ளுத்தாத்தா தலைப்பாகையோடு இருந்தார். அப்பா கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த படம் இருந்தது. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

அதில் இரண்டு படங்கள் என் சித்தப்பா சம்பந்தப்பட்டவை. அப்பாவுக்குத் தம்பி அவர். எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கல்யாணமாகி மூன்றாவது பொங்கலைக்கூட அவர் பார்க்கவில்லை. குழந்தை கிடையாது. பதினாறாம் நாள் முடிந்ததும் சித்தியின் அப்பா ஓர் அம்பாசிடர் காரில் வந்து, சித்தியை நாகப்பட்டினத்துப் பக்கம் இருந்த பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது.

எனக்குச் சித்தியைப் பற்றித் தெளிவாக நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். சித்திக்கு விசிலடிக்க வரும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துத் தலை பின்னும்போது, மெதுவாக, பல்லுக்குள்ளேயே விசிலடிப்பார். “யார்ட்டயும் சொல்லிடாத பாப்பா” என்பார். நான் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு நினைவிருந்தவளுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு நாளாவது கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

முதல் படம் சித்தி மட்டும் நிற்பது. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டுடியோவில் எடுத்தது. பூ தைத்த பின்னல் தெரியவேண்டும் என்பதற்காக முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்திருந்தார்கள். அந்தப் படம் அழுக்குப் பிடித்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. இரண்டாவது, கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் கைகோத்து நிற்கிறார்கள். அதில் சித்தி இருந்த பக்கம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இழுக்காத. கண்ணாடியோட அப்படியே ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்” என்றார் வீட்டுக்காரர்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

தெரியும்தான். பழைய படத்தின் மேல்பூச்சில் ஜெலட்டின் இருக்கும், ஈரம் பட்டால் அது பசையாகும், அவசரப்பட்டால் காகிதம் கையோடு வரும், படம் கண்ணாடியோடு நிற்கும். வகுப்பெடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் எடுப்பேன். ஆனால் அன்றைக்கு வெயில், புழுக்கம். மூன்று வாரமாக இதே வேலை. அவர் வேறு புத்தி சொல்கிறார். இழுத்துவிட்டேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சித்தப்பா முழுசாக என் கையில் வந்தார். சித்தியின் நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே புடவை கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது.

வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து, கிழிந்த ஓரத்தை நேராக வெட்டி ஒழுங்குபடுத்தினேன். கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிக் கழுவினேன். மிச்சத்தைக் கொல்லையில் குவித்திருந்த குப்பையோடு சேர்த்து நானே கொளுத்தினேன். ‘சித்திக்குத்தான் தனியாக ஒரு படம் இருக்கிறதே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தப்பா இருந்த பாதியை உறையில் போட்டு, ‘சித்தப்பா, திருமணத்தன்று’ என்று லேபிள் ஒட்டினேன். யாரைத் திருமணம் செய்துகொண்டார் என்று எழுதவில்லை.

அன்று சாயங்காலம் சிட்னிக்குப் பேசினேன். “சித்தி படம் ஒண்ணு கெடச்சிருக்குடா. சித்தி இப்ப இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“அவங்க எப்பவோ போயிட்டாங்கக்கா. அம்மா சொன்ன மாதிரி ஞாபகம்” என்றான்.

எனக்கும் என் அம்மா அப்படி ஏதோ சொன்ன மாதிரிதான் இருந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒருவனின் அரைகுறை ஞாபகமும் என்னுடைய அரைகுறை ஞாபகமும் சேர்ந்து ஒரு மனுஷியின் சாவை முடிவு செய்துவிட்டன. எப்போது, எதனால் என்று நான் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றுகூடச் சொன்ன நினைவில்லை. லேபிளில் எழுத ஒரு விஷயம் தெளிவாயிற்று என்ற நிம்மதிதான் இருந்தது.

தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எல்லாப் படங்களையும் பெரிது பண்ணக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கறை எடுக்கும்போது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் உயிரை வாங்கினேன். சித்தப்பா படத்தில் இடது கன்னம் சற்றுப் பருத்துத் தெரிந்தது.

“ஈரத்துல காகிதம் உப்பியிருக்கு பாருங்க, அதைச் சரி பண்ணுங்க” என்றேன்.

அவர் சரி பண்ணினார். மார்பளவுக்கு மேல் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டார். சித்தப்பா அழகாக, யாரோ ஒரு கல்லூரிப் பையன் மாதிரி வந்தார்.

தை மாதம் பெரியப்பாவின் முதல் வருஷத் திதியை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அதற்குள் ஹாலில் ஒரு சுவர் முழுவதும் படங்களை வரிசையாக மாட்டிவிட்டேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் மேல் சந்தனம், குங்குமம். கடையில் விற்கும் சந்தனச் சீவல் மாலை ஒவ்வொன்று. வாழையிலையில் படையல் போட்டுக் கற்பூரம் காட்டும்போது தட்டை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சுற்றுச் சுற்றினேன். சித்திக்கும் சுற்றினேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். “நீ ஒருத்தி இருந்ததால இவங்கள்லாம் பொழச்சாங்க” என்று ஒருவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ சுவரைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அது எங்கெங்கோ போனது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“லோன்லாம் வேணாங்க” என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்.

“லோன் குடுக்கற அளவுக்கு எங்கிட்ட வசதி இல்லம்மா. பாப்பாதான? நான் உன் சித்தி பேசறேன்.”

“எந்தச் சித்தி?”

“சுவத்துல மாலை போட்டு வச்சிருக்கியே, அந்தச் சித்தி” என்றார்.

கத்தியைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது.

“பயப்படாத. செத்தவங்க போன் பண்ண மாட்டாங்க” என்று சிரித்தார். அவருடைய தம்பி மகனின் போனில் அந்தப் படம் வந்ததாம், அனுப்பியவரிடமே என் நம்பரையும் கேட்டு வாங்கினாராம். “நல்லா மாட்டியிருக்க. பொட்டுகூட நெத்தில சரியா வச்சிருக்க. நான் உன்ன சண்டைக்குக் கூப்புடல. எனக்கு ஒண்ணு வேணும்.”

“சொல்லுங்க சித்தி.”

“பக்கத்துல உன் சித்தப்பா படம் இருக்கே. அவரு மொகத்தப் பாத்து எத்தன காலம் ஆச்சு தெரியுமா? எங்கிட்ட ஒரு படம் கெடையாது. அப்பவே உங்க பெரியப்பாட்ட ஆள் விட்டுக் கேட்டேன். எல்லாம் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாரு.” குரல் சற்றுத் தயங்கியது. “கல்யாணத்தன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தாங்க. சேந்து எடுத்தது அது ஒண்ணுதான். அது கெடச்சுதா பாப்பா?”

“தேடிப் பாக்கறேன் சித்தி” என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

போனை வைத்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி மாலையைக் கழற்றினேன். சந்தனம் காய்ந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வீட்டுக்காரர் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும், “செத்துட்டதா பேச்சு கெளம்பினா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. போய்ப் பாத்துட்டு வா” என்றார். கல்யாணப் படத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

பெரியப்பா ஏன் அப்படிச் சொல்லி அனுப்பினார் என்று யோசித்துப் பார்த்தேன். படம் என்று ஒன்றைக் கொடுத்து உறவை வைத்துக்கொண்டால், நாளைக்கு வயலில் பங்கு கேட்டு வந்து நிற்பாள் என்று பயந்திருக்கலாம். அவரைத் திட்டலாம் என்றால் அதற்கும் எனக்கு வாய் இல்லை. கரையான் தின்றது என்று அவர் சொன்னது பொய். பெட்டிக்குள் பத்திரமாக இருந்த படத்தைக் கிழித்துக் கொளுத்தியது நான்.

மறுபடி ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் எனக்கு வழி காட்டினார். “கவலப்படாதீங்க டீச்சர். அவங்க தனியா நிக்கிற படத்தையும் இவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணாக்கிடலாம். மாலையும் போட்டுவிட்டுடலாம். யாருக்கும் தெரியாது.” நான் சரி என்றேன். வந்த படம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் புது மாப்பிள்ளை, புதுப் பெண்ணாக நின்றார்கள். நல்ல சட்டமாகப் போட்டு வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, உறையில் இருந்த பழைய பாதிப் படத்தையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதைக் காட்டும் தைரியம் வரும் என்று நான் நம்பவில்லை. வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாசி மாதம், நாகப்பட்டினம் பஸ்ஸில் தனியாகப் போனேன். அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பச்சை கட்டி நின்றது. நாகப்பட்டினத்தில் இறங்கி, வேளாங்கண்ணி போகும் டவுன் பஸ் ஏறவேண்டும். சித்தியின் ஊர் நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதியபோதுதான் உறைத்தது. இந்த வழியாக நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு வந்தோம், சுகமான பிறகு வந்தோம், சும்மா கடல் பார்க்கவும் வந்தோம். ஒவ்வொரு தடவையும் இந்த நிறுத்தத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். சுனாமி வந்தபோது டிவியில் நாகப்பட்டினம் நாகப்பட்டினம் என்று நாள் முழுக்கக் காட்டினார்கள். பழைய துணிகளை மூட்டை கட்டி நிவாரணத்துக்கு அனுப்பினேன். அங்கே எனக்கு ஒரு சித்தி இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்பி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தம்பியின் மருமகள் காபி கொடுக்கும்போது சொன்னாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு நேராக இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“குண்டாயிட்ட” என்றார்.

காலில் விழுந்தேன். “எந்திரி, எந்திரி. எனக்குக் குனிஞ்சு தூக்க முடியாது” என்றார்.

கொண்டுபோன படத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“இது நான் ஸ்டுடியோல எடுத்த படமாச்சே. இந்தப் பொடவ எங்க அக்காவோடது, அவகிட்ட இரவல் வாங்கிக் கட்டினது” என்றார். பிறகு சித்தப்பாவின் முகத்துக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். “கன்னத்தக் காணுமே.”

“என்ன சித்தி?”

“கல்யாணத்தன்னிக்கு அவருக்கு பல்வலி. இந்தப் பக்கம் கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. எல்லாரும் கேலி பண்ணாங்க. தாலி கட்டிட்டு, எங்காதுல முதல் முதலா பேசினது என்ன தெரியுமா? ‘கிராம்பு இருக்கா’ன்னு கேட்டாரு.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “இது அவரு இல்ல பாப்பா. யாரோ மாதிரி இருக்காரு. நெசப் படம் என்னாச்சு?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கைப்பையிலிருந்து பாதிப் படத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டிக்கொண்டிருந்ததை, வேண்டாம் என்று சொல்லியும் இழுத்ததை, ஓரத்தை வெட்டியதை, மிச்சத்தைக் கொளுத்தியதை, கன்னத்தைச் சரி பண்ணச் சொன்னதும் நான்தான் என்பதை. “நீங்க இல்லன்னு நெனச்சுட்டேன் சித்தி. மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. வீங்கிய கன்னத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நான் நேராக வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். சித்தப்பாவின் கைக்குள் நாலு விரல்கள் தெரிந்தன. அதை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை.

“இது என் வெரல்” என்றார்.

“ஆமா சித்தி.”

“போதும். கிழிஞ்சது எம்மூஞ்சிதான? எம்மூஞ்சி எனக்குத் தெரியும்.”

அவர் திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராக வந்திருந்தேன். மனிதர்கள் நம்மைத் திட்டாமல் விடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். அவர் படத்தைப் புடவைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டு, கீரையை மறுபடி உருவ ஆரம்பித்தார். நானும் கீழே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். பேச்சு வீட்டுக் கதைகளுக்குப் போனது.

“உங்கம்மா போனப்ப இங்க ஒரே ஐப்பசி மழ” என்றார் திடீரென்று. “கரண்டு இல்ல. வெந்நி போடக்கூட வழியில்ல. பச்சத்தண்ணிலதான் தலைக்குக் குளிச்சேன்.”

எனக்குப் புரியவில்லை. “யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லுவா? இந்த ஊர்லேந்து திருவாரூர்ல கட்டிக்குடுத்த பொண்ணுங்க வரப்போக இருக்கும். அது வழியா காதுல விழும். உங்கப்பா போனது மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. உங்க பெரியம்மாவுக்கு அப்படி இல்ல, ரெண்டு நாள்ல தெரிஞ்சிடுச்சு. உங்க பெரியப்பாவுக்குப் போன வருஷம் தை மாசம் குளிச்சேன். எப்ப கேக்குறமோ அப்ப குளிச்சிடணும் இல்லையா. நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவ. எனக்குத் தீட்டு உண்டே.”

சாவுச் செய்தி காதில் விழுந்ததும் பங்காளி வீட்டார் தலைக்குக் குளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், எத்தனை நாள் கழித்துத் தெரிந்தாலும் செய்வார்கள். சிட்னியில் இருப்பவன்கூடச் செய்வான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமலே, எங்கள் வீட்டின் ஒவ்வொரு சாவுக்கும் சித்தி இங்கே ஈரத்தலையோடு நின்றிருக்கிறார்.

சித்தி கீரைக் காம்பை முறத்தில் ஒதுக்கினார். “நான் போயிட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுதே” என்றார். “நீ குளிச்சியா?”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நிஜமாகவே நான் நம்பியிருந்தால், சிட்னியிலிருந்து அந்தப் பதில் வந்த நிமிஷமே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். வேறு யாருக்கும் அதைச் செய்யத் தவறியதில்லை. அன்று சாயங்காலம் நான் செய்ததெல்லாம் லேபிள் எழுதியதுதான். எனக்கு அவர் இருந்தாலும் இறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

“இல்ல சித்தி. குளிக்கல” என்றேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“சரி, விடு. கீரைல தண்ணி விழுது பாரு” என்றார்.

மத்தியானம் அந்தக் கீரைக் கூட்டோடு சாப்பாடு போட்டார்கள். வெயில் தாழ்ந்து நான் கிளம்பும்போது சித்தி என்னை உள்ளே கூப்பிட்டார். காலண்டர் மாட்டியிருந்த சுவரில் கேஸ்காரர், பால்காரர், கரண்ட் ஆபீஸ் என்று பென்சிலால் நம்பர்கள் எழுதியிருந்தார்கள்.

“உன் நம்பர இங்க பெரிசா எழுதிட்டுப் போ. இவங்க போன்ல இருக்கறது, போன மாத்துனா போயிடும்.”

பென்சிலை வாங்கிக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன். நம்பருக்கு நேரே யார் என்று எழுதுவது என்று தெரியவில்லை. என் பெயர் இந்த வீட்டில் இருக்கும் யாருக்கும் தெரியாது.

“என்ன பேர் போட சித்தி?”

“புகுந்த வீடுன்னு எழுது” என்றார். “சொல்லி அனுப்புறப்ப யாருக்குச் சொல்றதுன்னு இதுங்களுக்குத் தெரியணும்ல?”

‘புகுந்த வீடு’ என்று எழுதி, பக்கத்தில் நம்பரை எழுதினேன். சித்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவருக்குக் கிட்டே வந்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டு வாசித்து, சரியா என்று என்னைக் கேட்டார்.